கசாப்புக்கூடத்தில் ஆங்கிலம்

எங்கள் வில்லாசோர்தாவில் ஆங்கிலம் தெரிந்தவர் ஒருவரும் கிடையாது. மாகாண ஆங்கில மரபுத்தொடர் வாரியத்தை எங்கள் ஊரில் கொண்டுவந்து வைத்ததற்குக் காரணமே அதுதான். தெரிந்தவர்கள் இருக்கிற இடத்தில் வைத்தால் யாராவது குறுக்கே பேசுவார்கள் என்று மேலிடத்தில் யோசித்திருக்கிறார்கள். இடமும் தோதாகக் கிடைத்தது. பழைய கசாப்புக்கூடம் பூட்டிக் கிடந்தது. சுவருக்கு வெள்ளையடித்தார்கள், கதவில் பித்தளைப் பலகை மாட்டினார்கள், ஆட்டுத் தொடை தொங்கிய கொக்கிகளைக் கழற்ற மறந்துபோனார்கள். இப்போது அவற்றில் அதிகாரிகளின் மேல்கோட்டுகள் தொங்குகின்றன.

நான் தோமி. வாரியத்துக்கு நேர் எதிரே காப்பியும் மதுவும் விற்கிற கடை என்னுடையது. காலையில் வேலை தொடங்கிய களைப்புத் தீர வாரியம் மொத்தமும் என் கடைக்கு வந்து முட்டை அடையும் ரொட்டியும் தின்னும். தேர்வு நாளில் மட்டும் கடமை உணர்ச்சி பொங்கி, இருந்த இடத்திலேயே தின்னும். தட்டைத் தூக்கிக்கொண்டு நான் உள்ளே போவேன். இந்தக் கதையை நான் சொல்ல முடிவது அந்தத் தட்டின் புண்ணியத்தால்தான்.

வாரியம் வந்ததும் ஓர் ஆணை வந்தது. அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர் எவரானாலும், வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் மரபுத்தொடர்த் தேர்வில் தேற வேண்டும். எங்கள் பள்ளிக்கூடச் சமையல்காரி ப்ருதென்சியாவுக்குத் தூக்கம் போனது அன்றைக்குத்தான். எத்தனையோ வருஷமாக அவள் 'தற்காலிகம்'. அவளிடம் பருப்பு தின்ற பிள்ளைகள் கல்யாணமாகி, அவர்கள் பிள்ளைகள் இப்போது அவளிடம் தின்கின்றன. அவள் இன்னும் தற்காலிகம். தேறாவிட்டால் சமையலறையை மூடிவிட்டு, தலைநகரத்துக் கம்பெனி ஒன்று பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து அனுப்புவதைச் சூடு பண்ணிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். அந்த டப்பாவை மேயர் ஒருமுறை எங்களுக்குக் காட்டினார். மூடியில் போட்டிருந்த படம் நன்றாகத்தான் இருந்தது.

"பருப்பு வேகறதுக்கு இங்கிலீஷ் எதுக்குடி?" என்று என் கடைக்கு வந்து புலம்பினாள்.

"வெந்ததா இல்லையான்னு அதுகிட்ட கேக்கறதுக்கு இருக்கும்," என்றேன்.

"உனக்கு எல்லாமே விளையாட்டு. எனக்கு வேலை போகுது."

வாரியத்தின் தலைவர் தோன் எவாரிஸ்தோ. ஆள் குள்ளம், மீசை பெரிது. ஊர்ச் சனங்களைக் கூட்டி விளையாட்டு மைதானத்தில் ஒரு பேச்சுப் பேசினார். அதில் பாதி எனக்கு இன்னும் மனப்பாடம்.

"பெருமக்களே! இங்கிலீஷ்காரன் உலகத்தை எப்படிப் பிடிச்சான்? கப்பலாலயா, பீரங்கியாலயா? இல்லை! எடுத்தான். அவன் மொழிக்கு உயிர்நாடி 'டேக்'குங்கிற ஒரே வினைச்சொல். எடு! மரபுத்தொடர் எதை எடுத்தாலும் அதுக்குள்ள அந்த எடு உக்காந்திருக்கும். என் வாழ்நாள் பூரா அந்த ஒரு சொல்லைத்தான் ஆராஞ்சிருக்கேன். வேற சொல் எதையும் ஆராய்ச்சிக்குத் தொட்டதில்லைங்கறதைப் பெருமையோட சொல்லிக்கறேன்!"

கைதட்டல். மேயர் மரியாதையாக எழுந்து, "ஐயா இங்கிலாந்துல ரொம்ப நாள் இருந்தீங்களோ?" என்று கேட்டார்.

தோன் எவாரிஸ்தோவுக்கு முகம் சுருங்கியது. "இங்கிலாந்துக்கா? நானா? கால் வெச்சதில்லை. அங்க போனா நம்ம மொழி கெட்டுப்போயிடும், ஐயா. அங்க கண்டவனும் பேசறான்."

பயிற்சி வகுப்புகள் தொடங்கின. தலைவரின் முறைக்கு 'உடம்பால் கற்றல்' என்று பெயர். 'காளையைக் கொம்பால் எடு' என்று ஒரு தொடர் உண்டாம். சிக்கலுக்குப் பயப்படாமல் நேரே இறங்கு என்று பொருள். திருவிழாக் கமிட்டியிடமிருந்து ஒற்றைச் சக்கர வண்டி ஒன்றை இரவல் வாங்கினார்கள். பையன்கள் காளைப் போர் பழக வைத்திருப்பது, முன்னால் நிஜக் கொம்பு கட்டியிருக்கும். வாரியத்தின் செயலாளர் அசுசேனா அதைத் தள்ளிக்கொண்டு ஓடி வருவாள். எதிரே நிற்பவர் கொம்பைப் பிடித்துத் தொடரைச் சொல்ல வேண்டும். முதல் நாளே தபால்காரர் புளாசுக்குத் தொடையில் கொம்பு ஏறிவிட்டது. அவர் போட்ட கூச்சல் ரயிலடிவரை கேட்டது. கூச்சலை எங்கள் மொழியில் போட்டார் என்று மதிப்பெண்ணைக் குறைத்தார்கள்.

'பின் இருக்கையை எடு' என்றால் முன்னால் நிற்காமல் ஒதுங்கிக்கொள் என்று பொருளாம். இதை ஊர்ப் பேருந்தில் வைத்துக் கற்பித்தார்கள். பேருந்து நின்றதும் வகுப்பு மொத்தமும் முண்டியடித்துக்கொண்டு ஓடிக் கடைசி இருக்கையில் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்தது. ஓட்டுநர் பேருந்தைக் கடத்துகிறார்கள் என்று நினைத்து இறங்கி ஓடிவிட்டார். 'குதிகாலை எடுத்தான்', அதாவது ஓட்டம் பிடித்தான், என்ற தொடருக்கு உதாரணம் தானாகவே கிடைத்தது என்று தலைவர் அன்றைக்கு மிகவும் மகிழ்ந்தார்.

ப்ருதென்சியா மாட்டியது உப்பில். 'ஒரு சிட்டிகை உப்போடு எடுத்துக்கொள்' என்று ஒரு தொடர்.

"எத்தனை பேருக்கு?" என்றாள் அவள்.

"என்ன எத்தனை பேருக்கு?"

"ஒரு சிட்டிகைன்னா எத்தனை பேருக்குங்க? நூறு பிள்ளைக்கு ஒரு சிட்டிகை போட்டா ஒருத்தனும் வாயில வெக்கமாட்டான்."

தலைவர் கண்ணை மூடித் திறந்தார். "அம்மா, இது சமையல் இல்ல. ஒருத்தர் சொல்றதை முழுசா நம்பிடாதேன்னு அர்த்தம்."

"அப்ப நம்பலைன்னு சொல்லிட்டுப் போயிடலாமே?"

"அது வெறும் பேச்சு. இது மரபு!"

கேள்வியை அப்படியே விட்டிருக்கலாம். வாரியம் எதையும் அப்படியே விடாது. சிட்டிகையின் அளவை முடிவு செய்ய ஓர் உப்புத் துணைக்குழு அமைத்தார்கள். அது மூன்று முறை கூடி, கடற்கரைக்கு ஒருமுறை போய்வந்து, விஷயத்தை மேலிடத்துக்கு அனுப்புவதென்று ஒருமனதாகத் தீர்மானித்தது.

கிண்டலை விடுங்கள். ப்ருதென்சியா படித்த படிப்பைப் பார்த்தால் எனக்கு மனசு பொறுக்கவில்லை. வெங்காயம் நறுக்கும்போது தொடர், பாத்திரம் தேய்க்கும்போது தொடர். என் கடையில் சீட்டாடுகிற கிழவர்களிடம் போய், "நீ என்னைச் சவாரிக்கு எடுக்கறே!" என்பாள். நீ என்னை ஏமாற்றுகிறாய் என்று அதற்குப் பொருள். அவர்களில் ஒருவர் மனைவியை இழந்தவர். அவர் சவரம் செய்துகொண்டு மறுநாள் கோவேறு கழுதையோடு வந்து நின்றார். அவரைச் சமாதானப்படுத்தி அனுப்ப இரண்டு கோப்பை சோம்பு மது செலவாயிற்று.

தேர்வு நாள் வந்தது. வாரியத்தின் பாரபட்சமின்மையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். தேர்வாளர்கள் ஐந்து பேரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, தேர்வு எழுதுகிறவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார்கள். முகம் தெரிந்தால் இரக்கம் வந்துவிடுமாம். பெயரும் கேட்கக் கூடாது. குரலை வைத்து ஆணா பெண்ணா என்று ஊகிக்கவும் கூடாது. அசுசேனா கதவைத் திறந்து, வெளியே பார்க்காமல் "அடுத்தது!" என்று கத்துவாள். வருகிறவர் பட்டியலில் அடுத்த பெயர்க்காரர். அவ்வளவுதான்.

நடைவழியில் எங்கள் ஊர் வழக்கப்படி எல்லாரும் காத்திருந்தார்கள். எங்கள் ஊரில் மருத்துவரிடம் போனாலும் மீன்கடைக்குப் போனாலும், நுழைந்ததும் "யார் கடைசி?" என்று கேட்க வேண்டும். ஒருவர் கை தூக்குவார். அவருக்குப் பின்னால் நீங்கள். அதன்பிறகு வரிசையில் நிற்கிற வேலை கிடையாது. உட்காரலாம், சண்டை போடலாம், வெளியே போய் ரொட்டி வாங்கி வரலாம். உங்கள் இடம் உங்களுக்காகக் காத்திருக்கும். ஆனால் கேட்காதவர் ஆயுள் முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தாலும் அவர் அங்கே இல்லை.

அன்றைக்கு அப்படிக் கேட்காமல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கொளுத்துகிற வெயிலில் மழைக்கோட்டு. மடியில் ஒரு தோல் பை. காலையில் முதல் ஆளாக வந்து கதவருகே நின்றாராம். நின்ற இடம்தான் இடம் என்று நினைத்திருக்கிறார், பாவம். அவருக்கு முன்னால் மருத்துவச்சி போனாள், மயானக் காவலாளி போனார், தொடையில் கட்டோடு தபால்காரர் போனார். ஒவ்வொரு முறையும் அவர் பாதி எழுந்து, தொண்டையைச் செருமி, மன்னிப்புக் கேட்பதுபோலச் சிரித்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார்.

நான் தட்டோடு போனபோது நடைவழியில் மிச்சம் இருந்தது அவரும் ப்ருதென்சியாவும்தான். அவள் கைகளைப் பிசைந்துகொண்டு கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள்.

"தோமி, அடுப்புல பருப்பு இருக்குடி. பிள்ளைங்க வர நேரமாயிடுச்சு. அடி பிடிச்சுதுன்னா?"

"நீ தேறலைன்னா அந்த அடுப்பே இருக்காது. பேசாம இரு."

அவள் அந்த மனிதரைப் பார்த்தாள். "ஏங்க, நீங்க யாருக்காக வந்திருக்கீங்க?"

அவர் எங்கள் மொழியில் தட்டுத் தடுமாறி, "வாரியம். பரீட்சை. உள்ளே," என்றார்.

"ஐயோ, நீங்களும் பரீட்சைக்கா! கடைசி யாருன்னு கேட்டீங்களா?" அவர் விழித்தார். "கேக்கவே இல்லையா! பாருடி தோமி, விடிஞ்சதுலேர்ந்து உக்காந்திருக்கார், ஒரு பாவியும் சொல்லலை. நீங்க எனக்கு முன்னால போங்க ஐயா. நான் ஓடிப்போய்ப் பருப்பைக் கிண்டிவிட்டுட்டு வந்துடறேன். வந்ததும் உங்களுக்குப் பின்னால நான். தோமி, நீ சாட்சி."

சொல்லிவிட்டு ஓடினாள். எங்கள் ஊர்ச் சட்டப்படி இதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் வாரியத்தின் பட்டியலில் பாக்கி இருந்தது ஒரே பெயர், ப்ருதென்சியா ஒர்தூன்யோ. கதவு திறந்தது. "அடுத்தது!"

மழைக்கோட்டுக்காரர் உள்ளே போனார். பின்னாலேயே தட்டோடு நான். ஐந்து முதுகுகள் எங்களை வரவேற்றன. அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். தலைவர் முதுகைத் திருப்பாமலே கையைத் தூக்கித் தடுத்தார். "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில்!" இனி நடந்தது முழுக்க ஆங்கிலத்தில். எனக்குப் புரியாததை அசுசேனா பின்னால் சோம்பு மது குடித்துக்கொண்டே சொன்னாள்.

"ஒருத்தர் நம்பமுடியாத கதை ஒண்ணு சொல்றார். நீ என்ன சொல்லுவே?"

"அப்படியா, என்பேன்," என்றார் அவர்.

"தப்பு. உப்பைக் காணோம். அடுத்து, ஒரு வியாபாரி உன்னை ஏமாத்திட்டான். என்ன சொல்லுவே?"

"ஒன்றும் சொல்லமாட்டேன். இனிமேல் அந்தக் கடைக்குப் போகமாட்டேன்."

"தப்பு. சவாரி இல்லை. நாள் பூரா வேலை செஞ்சு களைச்சுப்போயிட்டே. என்ன பண்ணுவே?"

"தேநீருக்குத் தண்ணீர் வைப்பேன்."

"வைப்பேன்!" தலைவர் குரல் நடுங்கியது. "வைக்கறது வேற வினைச்சொல், அம்மா! அது அடுத்த வருஷப் பாடம்! இப்ப எடுக்கறது மட்டும்தான்!"

அந்த மனிதருக்கு நெற்றி வேர்த்தது. எனக்கே பாவமாக இருந்தது. கடைசிக் கேள்வி வந்தது. பெரிய சிக்கல், பயப்படாமல் எதிர்கொள்கிறாய், அதற்கு என்ன தொடர்? அவர் முகம் மலர்ந்தது. காளை, கொம்பு எல்லாவற்றையும் சரியாகச் சொன்னார்.

தலைவர் மேசையில் அறைந்தார். "தெரியும்! இதைத்தான் சொல்லுவேன்னு தெரியும்! காளைக் கொம்பு நம்ம ஊர்ப் பழமொழி. அதை அப்படியே பெயர்த்து இங்கிலீஷ்ல சொல்றது நம்ம சனங்க வழக்கமா பண்ற தப்பு. கிராமத்துப் புத்தி!"

போன மாதம் தபால்காரரின் தொடையில் ஏற்றிய அதே கொம்புதான். வகுப்பில் தவறு எப்படி இருக்கும் என்று காட்டத்தான் அதைக் கற்பித்தார்களாம்.

அசுசேனா எங்கள் மொழியில் உரக்கச் சொல்லிக்கொண்டே பதிவு செய்தாள்: ப்ருதென்சியா ஒர்தூன்யோ. தோல்வி. குரல் கரகரப்பு, அயல் நாட்டு உச்சரிப்பு. முத்திரை விழுந்தது. அந்தச் சத்தத்தில் என் கையிலிருந்த காப்பி தளும்பித் தரையில் கொட்டியது. முத்திரை விழுந்தது இந்த மனிதர் மேல் அல்ல, பள்ளிக்கூட அடுப்பின் மேல் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். "அது ப்ருதென்சியா இல்லை!"

தலைவர், "நாங்க பாக்கக் கூடாது," என்றார்.

"பாருங்கய்யா, ஒரு தடவை திரும்பித்தான் பாருங்க! மீசை இருக்கு!"

அசுசேனாதான் முதலில் திரும்பினாள். அந்த மனிதர் அதற்குள் தோல் பையைத் திறந்து, தங்க முத்திரை போட்ட காகிதம் ஒன்றை எடுத்து நீட்டியிருந்தார். அசுசேனா படித்தாள். அவள் உதட்டுச் சாயம் மட்டும் முகத்தில் நின்றது, மற்ற நிறமெல்லாம் இறங்கிப்போனது. மிஸ்டர் விட்டகர், லண்டன். வாரியத்தின் ஆங்கிலம் ஆங்கிலம்தானா என்று சோதித்து அறிக்கை தர மேலிடம் வரவழைத்த மேற்பார்வையாளர். அவர் அறிக்கை சரியில்லை என்றால் வாரியத்தை மூடிவிடுவார்கள்.

நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் கிறீச்சிட்டுத் திரும்பின. தோன் எவாரிஸ்தோ தன் வாழ்நாளில் முதல்முறையாக ஓர் இங்கிலீஷ்காரனை நேருக்கு நேர் பார்த்தார். அவர் மனதில் முதலில் எழுந்தது கோபம்தான் என்று நான் சத்தியம் செய்வேன்.

"நம்ம பரீட்சையில தோத்தவர் நம்மளை எப்படிச் சோதிக்கறது? தகுதி வேண்டாமா?"

அசுசேனா அவர் காதில் ஏதோ கிசுகிசுத்தாள். அறிக்கை, சம்பளம், ஓய்வூதியம் என்ற மூன்று சொற்கள் என் காதிலும் விழுந்தன. தலைவரின் மீசை மெல்லத் தணிந்தது.

"ஐயா தோக்கலை," என்றார். "ஐயா எப்படித் தோப்பார்? எல்லாப் பதிலும் சரி. சரிக்கும் மேல. சிறப்புத் தேர்ச்சி!"

"ஆனா ஐயா பேர் பட்டியல்ல இல்லையே," என்றாள் அசுசேனா. "இருக்கற பேரு ப்ருதென்சியா."

"அப்ப அந்தப் பேருக்கே சிறப்புத் தேர்ச்சி போடு. பதில்தானே முக்கியம். நாம முகம் பாக்கறதில்லையே!"

தோல்வியை அடித்துவிட்டு மேலே எழுதினார்கள். புதிய முத்திரை விழுந்தது. சரியாக அந்த நேரத்தில் பருப்பில் போட்ட சொரிசோ இறைச்சி வாசனையும் வியர்வையுமாக, கையில் கரண்டியோடு ப்ருதென்சியா கதவில் வந்து நின்றாள்.

"இவருக்குப் பின்னால நான்," என்றாள் மூச்சு வாங்க. "தோமி சாட்சி."

"நீங்க தேறிட்டீங்க, அம்மா," என்றார் தலைவர். "மாகாணத்துலயே முதல் சிறப்புத் தேர்ச்சி."

அவள் என்னைப் பார்த்தாள். ஐந்து தேர்வாளர்களையும் பார்த்தாள். "நான் இன்னும் வாயே திறக்கலையே?"

"அதனாலதான் ஒரு தப்பும் இல்லை."

மகிழ்ச்சியில் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் அழுகிற மாதிரி ஆகிவிட்டது. "ராத்திரி பகலா படிச்சேங்க. அத்தனையும் தலையில இருக்கு. ஒண்ணே ஒண்ணு சொல்லட்டுமா? இந்தக் குதிகால் ஒண்ணு மட்டும்?"

"பேசி இருக்கறதைக் கெடுத்துக்காதீங்க, அம்மா," என்று தலைவர் அவசரமாகக் கதவைக் காட்டினார்.

வெளியே நடைவழியில் மிஸ்டர் விட்டகர் மழைக்கோட்டை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு நின்றார். ஆடிப்போயிருந்தார். சொந்த மொழியில் தோற்றவன் முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஊருக்கு ஒரே பேருந்து, அதுவும் போய்விட்டது. ப்ருதென்சியா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்க ஐயா. தோத்தவங்களுக்கும் பசிக்கும்."

பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு குட்டை நாற்காலியில் முழங்கால் முகவாயில் இடிக்க அவரை உட்காரவைத்துப் பருப்பு ஊற்றினாள். அவர் ஒரு வாய் தின்றார். ஏதோ தேடுவதுபோல மேசையைப் பார்த்தார். ஓடிப்போய் வந்த அவசரத்தில் அன்றைக்கு அவள் உப்புப் போட மறந்திருந்தாள். பிள்ளைகள் மரியாதைக்காகச் சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தன. ப்ருதென்சியா உப்புக் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளினாள். இத்தனை நாளாகப் படித்ததெல்லாம் அந்த நேரம் பார்த்து மறந்துபோனது. ஒரே ஒரு சொல் மிஞ்சியது.

"டேக்," என்றாள்.

அவர் எடுத்துப் போட்டுக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. மூன்று தட்டுத் தின்றார்.

அவர் மேலிடத்துக்கு எழுதிய அறிக்கை ரொம்பச் சிறியதாம். இங்கே கற்பிக்கிற ஆங்கிலத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லத் தனக்குத் தகுதியில்லை என்று வாரியமே தீர்ப்பளித்துவிட்டது, பருப்பு அருமை, என்று எழுதியிருந்தார். மேலிடம் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டது. வாரியத்துக்கு இன்னொரு மாடி கட்டிக் கொடுத்தார்கள். ப்ருதென்சியாவின் வேலை நிரந்தரமானது. பிளாஸ்டிக் டப்பாக் கம்பெனி வேறு மாகாணத்துக்குப் போயிற்று.

சிறப்புத் தேர்ச்சி பெற்றவர் வாரியத்தில் உறுப்பினராக வேண்டும் என்று ஒரு விதி இருந்திருக்கிறது. இதுவரை யாரும் பெறாததால் யாருக்கும் தெரியவில்லை. அடுத்த தேர்வில் ப்ருதென்சியா ஆறாவது நாற்காலியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் நாற்காலியைக் கதவுப் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"விதி, அம்மா, விதி!" என்றார் தலைவர்.

"மூஞ்சியைப் பாக்காம ஒருத்தன் சாப்பிட்டானா இல்லையான்னு எப்படிங்க தெரியும்?"

அன்றைக்கும் நான் தட்டோடு நடைவழியில் போய்க்கொண்டிருந்தேன். வாசலில் மழைக்கோட்டு தெரிந்தது. மிஸ்டர் விட்டகர். இந்த முறை பெயரைப் பதிவு செய்துகொண்டு, தேர்வு எழுத வந்திருந்தார். உள்ளே நுழைந்தவர் கதவருகே போய் நிற்கவில்லை. நடுவில் நின்று, எங்கள் ஊர்க்காரர்கள் கேட்கிற அதே அலுத்த குரலில், யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"யார் கடைசி?"

போன தடவை மதிப்பெண் குறைந்து மறுபடி எழுத வந்திருந்த தபால்காரர் கையைத் தூக்கினார். "நான்தான்."

மிஸ்டர் விட்டகர் அவருக்குத் தலையசைத்தார். உட்காரவில்லை. மழைக்கோட்டைக் கழற்றி ஒரு கொக்கியில் மாட்டிவிட்டு, பருப்புச் சாப்பிட நேரே பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போனார்.